காபன் நுண்குழாயின் வரலாற்றில் உலோக ஊக்கிகள்

காபன் நுண்குழாயைக் கண்டறிந்தவர் யாவர் என வினவின், 1991ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா என்றே பலரும் விடை பகர்வர். அவ்விடை முற்றும் பொருந்துமா என்பதை, இக்குழாய்களை வளர்க்கும் உலோக ஊக்கிகளின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1952இல் சோவியத்து நாட்டினரான இராதுஷ்கேவிச், லுக்கியானோவிச் என்னும் இருவர், காபனோரொட்சைட்டு வாயுவை ஏறத்தாழ 600 பாகை சதமளவையில் இரும்பின்மீது பிரிகையுறச் செய்து, பெற்ற கரியை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கினர். ஏறக்குறைய 50 நனோமீற்றர் விட்டமுடைய, உள்ளீடற்ற இழைகளின் படங்களைத் தம் நாட்டுப் பௌதிக இரசாயனச் சஞ்சிகையில் வெளியிட்டனர். கட்டுரை உருசிய மொழியில் அமைந்தது. காலமோ பனிப்போர்க் காலம். ஆதலின் மேனாட்டார் அதனை எளிதிற் பெற்றிலர்.

தொழிற்றுறையினர்க்கு இத்தகைய இழைகள் இடராகவே தோன்றின. ஐதரோகாபன்களைக் கையாளும் ஆலைகளில், நிக்கல் ஊக்கிகளின்மேற் கரியிழை படர்ந்து அவற்றைச் சிதைத்தது. இழை வளரும் முறையை 1972இல் இங்கிலாந்தின் ஆவெல் ஆய்வு நிலையத்துப் பேக்கரும் குழுவினரும் ஆராய்ந்தனர். அசற்றலீன் வாயுவில் நிக்கல் துணிக்கைகளிலிருந்து இழை வளர்வதை அவர்கள் நுணுக்குக்காட்டியில் நேரிற் கண்டனர். வாயு உலோகத்தின் மேற்பரப்பிற் பிரிகிறது. விடுபட்ட காபன் உலோகத்திற் கரைந்து பரவி, மறுபுறத்தில் இழையாக வெளிப்படுகிறது என்பது அவர்தம் விளக்கம். 1976இல் ஒபெர்லின், எண்டோ, கோயாமா ஆகிய மூவரும் பென்சீனையும் ஐதரசனையும் ஏறத்தாழ 1100 பாகையில் வைத்து, இரும்புத் துணிக்கைகளால் வளர்ந்த குழாயிழைகளை விவரித்தனர்.

ஈஜிமா 1991இல் காட்டிய பல்சுவர்க் குழாய்கள் மின்வில்லில் உலோக ஊக்கியின்றியே தோன்றியவை. ஆயின் 1993இல் ஒற்றைச்சுவர்க் குழாய் பெறப்பட்டபோது உலோகம் மீண்டும் இன்றியமையாததாயிற்று. ஈஜிமாவும் இச்சிகாசியும் இரும்பையும், ஐபிஎம் நிறுவனத்துப் பெதூனும் குழுவினரும் கோபாற்றையும் பயன்படுத்தினர். இரு கட்டுரைகளும் 'நேச்சர்' சஞ்சிகையின் ஓரிதழிலேயே வெளிவந்தன.

இதனால் ஈஜிமாவின் பெருமை குன்றாது. குழாயின் அமைப்பைத் தெளிவாக நிறுவி, உலகின் கவனத்தை அதன்பால் ஈர்த்தவர் அவரே. எனினும் முதற் காட்சி 1952க்குரியது. 2006இல் 'காபன்' என்னும் சஞ்சிகையின் தலையங்கமொன்றும் அதனை எடுத்துரைத்தது. எனவே வகுப்பறையில் ஈஜிமாவின் பெயரைக் கூறுமிடத்து, அவ்விரு உருசியரின் பெயரையும் உடன் கூறுதல் ஆசிரியராகிய எமது கடனாகும். ஆங்கிலத்தில் எழுதப்படாமை ஓர் உண்மை மறக்கப்படுதற்குப் போதிய காரணமாகாது.