கெல்லிஸ் கோட்டையும் மாரியம்மன் கோயிலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்துகாஜாவிலிருந்து கோப்பேங் போகும் சாலையில், ராயா ஆற்றை ஒட்டிய மேட்டில், கட்டி முடிக்காத மாளிகை ஒன்று இருக்கிறது. ஊரார் வைத்த பெயர் கெல்லிஸ் கோட்டை. அது எந்தப் போரையும் கண்டதில்லை. ரப்பர்த் தோட்டத் துரை ஒருவர் தமக்கென்று கட்டத் தொடங்கிய வீடு.

அவர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்ற சிற்றூரில் 1870இல் பிறந்து, 20 வயதில் மலாயா வந்தவர். நில அளவையாளர் ஆல்மா பேக்கரிடம் சேர்ந்து காடு அழிக்கும் ஒப்பந்த வேலையில் பணம் பார்த்தார். அந்தப் பணத்தில் கிந்தா மாவட்டத்தில் சுமார் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் நட்டார்; பிறகு ஈயத்திலும் இறங்கினார். தோட்டத்துக்குப் பிறந்த ஊரின் நினைவாகக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார்.

முதலில் ஓரளவு எளிய வீடு ஒன்று எழுந்தது. 1915இல் மகன் பிறந்தபோது அதையொட்டிப் பெரிய மாளிகைக்கு அடித்தளம் போட்டார்கள். செங்கல்லும் கட்டட வேலையாட்களும் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலில் வந்தார்கள். குதிரைலாட வளைவுகள், மதுக் கிடங்கு, ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கிக்கென ஒரு கூண்டு என்று துரையின் ஆசைக்கு அளவே இல்லை.

தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் தமிழர்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின், கங்காணிகள்தான் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இங்கும் பரவி, வேலையாட்கள் பலர் மாண்டார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்றார்கள் மிஞ்சியவர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் தமிழர் வேறு யாரிடம் போவார்கள்? துரை மறுக்கவில்லை. மாளிகையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் கோயில் எழுந்தது. வெள்ளை உடையும் தொப்பியுமாகத் துரையின் சிலையையும் கோயில் மேற்தளத்துத் தெய்வங்களுக்கு நடுவே வைத்துவிட்டார்கள். காவல் தெய்வங்களுக்குக் குதிரை செய்து வைக்கும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரிந்திருக்காது.

1926இல் லிஸ்பன் போன ஸ்மித் அங்கேயே நிமோனியாவில் இறந்தார். கட்டட வேலை நின்றது. குடும்பத்தார் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஸ்காட்லாந்து திரும்பினார்கள். மாளிகையைக் காடு மூடியது. பேய்க் கதைகள் அதன் பிறகுதான் பெருகின. சுற்றுலாவுக்கு அவை உதவலாம், வரலாற்றுக்கு உதவாது.

1999இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் தி கிங்’ ஆங்கிலப் படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. இன்று கோட்டையைப் பார்க்கக் கட்டணம் உண்டு. சீட்டு வாங்கி உள்ளே போகிறவர்கள், திரும்பும் வழியில் மாரியம்மன் கோயிலுக்கும் போய் அந்தத் தொப்பிக்காரத் துரையைப் பார்த்துவிட்டு வரலாம்.