பழவேற்காட்டைப் படிக்கக் கடல் கடந்தவர்கள்

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சமூகநீதி, அதிகாரமளித்தல் அமைச்சகம் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் விதிகளைத் திருத்தியது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க 1950களிலிருந்து உதவிவரும் திட்டம் அது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி உதவி கிடையாது என்றது புதிய விதி. அவற்றுக்கு வேண்டிய ஆவணங்களும் வல்லுநர்களும் உள்நாட்டிலேயே இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றை வைத்து இந்த நியாயத்தை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, பொன்னேரி வட்டத்தில், ஏரியும் கடலும் சேரும் முகத்தில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் விஜயநகர அரசரிடம் அனுமதி பெற்று இங்கே கால்வைத்தது. 1612இல் போர்த்துக்கீசியர் பண்டகசாலையைத் தாக்கினர். அடுத்த ஆண்டே கெல்த்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதும் இங்கிருந்தே நடந்தது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் பழவேற்காடு மீண்டும் சில காலம் தலைமையிடமானது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மறு ஆண்டில் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் வந்தது. கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய மேடு. பக்கத்திலுள்ள டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்து வருகிறது.

ஆனால் காகிதம் எங்கே போனது? பழவேற்காட்டு ஆளுநர் தம் கடிதங்களையும் கணக்குகளையும் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார். பத்தாவியா அவற்றைப் படியெடுத்து ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பியது. அங்கே கட்டிவைத்த தொகுதிகளே இப்போது ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அலமாரிகளில் இருக்கின்றன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது. கலெத்தி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி பாதிரியார் குரூட் துணையோடு 1911இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே ‘மலபாரில் டச்சுக்காரர்’ என்பதுதான். ஆக, பொன்னேரி வட்டத்தின் பதினேழாம் நூற்றாண்டை எழுத நினைப்பவர் எழும்பூரோடு நின்றுவிட முடியாது.

முதலில் படிக்க வந்தவர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். ஆபிரகாம் ரோஜீரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1630களில் சுமார் பத்தாண்டு பழவேற்காட்டில் பணியாற்றினார். பத்மநாபன் என்ற பிராமணர் தமக்குத் தெரிந்த போர்த்துக்கீசிய மொழியில் அவருக்கு இந்தியச் சமயங்களை விளக்கினார். அதன் பயனாக எழுந்த நூல், ரோஜீரியஸ் இறந்தபின், 1651இல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக இடம்பெற்றது அதில்தான். இன்றைய முறையில் சொன்னால் ரோஜீரியஸ் ஆய்வு மாணவர், பத்மநாபன் நெறியாளர். பட்டமும் புகழும் யாருக்குப் போயின என்பதை விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகு திசை மாறியது. 1950களில் தென்னாசிய மாணவர் சிலர் முனைவர் பட்டத்துக்காக இங்கிலாந்து சென்று, அங்கிருந்து ஹேக் போய் டச்சு ஏடுகளைத் திறந்தனர். வங்காளத்தின் தபன் ராய்சவுதுரி ஆக்ஸ்ஃபோர்டில் எழுதிய ஆய்வேடு, 1605 முதல் 1690 வரை சோழமண்டலத்தில் டச்சுக் கம்பெனி நடத்திய வணிகத்தைப் பற்றியது. 1962இல் ஹேக்கில் நூலாக வந்த அது, பழவேற்காட்டின் பொருளியல் வரலாற்றுக்கு இன்றும் அடிப்படை. யாழ்ப்பாணத்துத் தமிழர் சின்னப்பா அரசரத்தினம் 1956இல் லண்டனில் பட்டம் பெற்றார். அவர் ஆய்ந்தது இலங்கையில் டச்சு ஆட்சியை. 1958இல் அது ஆம்ஸ்டர்டாமில் நூலாயிற்று.

அரசரத்தினத்தின் வழி சற்று நின்று பார்க்கத்தக்கது. மாணவராக இருந்து கற்ற டச்சு மொழி அவருக்குப் பட்டத்தோடு முடியவில்லை. பேராதனையிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம், அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் என்று வேலை அவரைத் தூரதூரமாகக் கொண்டுபோனாலும், 1986இல் அவர் வெளியிட்ட பெருநூல் சோழமண்டலக் கரையின் வணிகரையும் கம்பெனிகளையும் பற்றியது. கம்பெனி என்ன வாங்கியது, விற்றது என்பதோடு நில்லாமல், அதற்குச் சரக்குக் கொடுத்த தமிழ், தெலுங்கு வணிகரை நடுவில் நிறுத்தினார் என்பதே அவர் சாதனை. முனைவர் பட்ட ஆண்டுகள் ஒருவருக்குத் தருவது ஒரு ஆய்வேட்டை மட்டுமன்று, முப்பது ஆண்டு கழித்தும் பயன்படும் ஒரு கருவியை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தலைமுறையின் சஞ்சய் சுப்ரமணியம் பட்டம் பெற்றது டெல்லியில். ஆனால் அவருடைய தென்னிந்திய வணிக ஆய்வும் போர்த்துக்கீசிய, டச்சு ஏடுகளின் மேல் கட்டப்பட்டதே. பட்டத்தை எங்கும் வாங்கலாம். ஏடு இருக்கும் இடத்துக்குப் போயே ஆகவேண்டியிருந்தது.

தனியாள் முயற்சியாக இருந்த இதை ஒரு திட்டமாக்கியது லெய்டன் பல்கலைக்கழகம். டச்சுக் கம்பெனி நிறுவப்பட்ட 400ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, லெனார்ட் பிளுசே முன்னின்று நடத்திய ‘டானாப்’ திட்டம், ஆசிய நாடுகளிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இளம் ஆய்வாளர்களை அழைத்தது. வந்தவர்களில் சொந்த நாட்டில் ஏற்கெனவே விரிவுரையாளராக இருந்தவர்களும் உண்டு. ஆனாலும் முதலாண்டு அவர்கள் அரிச்சுவடிப் பிள்ளைகள்தாம்: இன்றைய டச்சு மொழி, பிறகு பழைய டச்சு, பிறகு கம்பெனி எழுத்தர்களின் கொக்கிக் கையெழுத்து. அதைத் தாண்டியபின்தான் ஆய்வு. லெய்டனிலிருந்து ஹேக் ரயிலில் கால்மணி நேரம். காப்பகம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அயல்நாட்டு மாணவரின் ஆண்டுகள் பெரும்பாலும் இந்த இரு ஊர்களுக்கு இடையில் கரைந்தன.

விளைவு கண்கூடு. குலாம் நத்ரி குஜராத்தையும், பினு ஜான் மைலப்பறம்பில் கண்ணூர் அலி ராஜாக்களையும், அஞ்சனா சிங் கொச்சிக் கோட்டையையும் எழுதினர். கொழும்பிலிருந்து போன நிர்மல் தேவசிறி மேற்கிலங்கைக் குடியானவர்களை எழுதினார். இந்தியாவின் மேற்குக் கரை இவ்வளவு பேரைப் பெற்ற அத்திட்டத்தில் பழவேற்காட்டுக்கு அப்படியொரு பங்கு வாய்க்கவில்லை என்பது நம் பக்கத்துக் குறை.

ஏன் இது நம்மவர் செய்யவேண்டிய வேலை? டச்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். பழவேற்காட்டின் பெருவணிகர் அச்சுதப்ப செட்டி ஓரிடத்தில் அஸ்த்ரப்பா, இன்னோரிடத்தில் மலையா. இருவரும் ஒருவரே, 1634இல் அவர் இறந்தபின் பொறுப்பேற்ற சின்னண்ணா அவர் தம்பி என்று கண்டுகொள்ள, டச்சு மட்டும் போதாது. நம் குடும்ப முறையும் தெரியவேண்டும். இன்னொன்று கனமானது. இதே கரையிலிருந்து துணியோடு மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அடிமைச் சரக்கு பெருகியதை அந்தக் கடிதங்களே காட்டுகின்றன. விற்கப்பட்டவர்கள் பிழைக்க வழியற்ற ஏழைகள். நிலமற்றவர் வீட்டுப் பிள்ளைக்கென்றே வகுத்த உதவித்தொகை, அந்தப் பிள்ளை இந்த ஏடுகளைத் தேடிப் போவதற்குத் தடை சொல்கிறது. வசதியுள்ள வீட்டு மாணவர் போவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

ஏடுகள் இப்போது இணையத்தில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மை. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்த கம்பெனி ஆவணங்களில் ஹேக்கில் உள்ளவை பெருமளவு படமாக்கப்பட்டுள்ளன. சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியே எழுத்துப்பெயர்த்துத் தேடத்தக்கதாக்கும் பணி ஆம்ஸ்டர்டாமில் நடக்கிறது. பொன்னேரி அரசு கலைக் கல்லூரி மாணவர் கைப்பேசியிலேயே கெல்த்ரியா கடிதத்தைத் திறந்துவிடலாம். திறந்தபின் படிக்கச் சொல்லித்தருபவர் வேண்டும். பழைய டச்சு மொழியையும் கையெழுத்தையும் முறையாகக் கற்றுத்தரும் இடம் லெய்டன்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். மூல ஆவணம் வெளிநாட்டில் இருக்கும் இந்திய வரலாற்றுத் தலைப்புகளுக்காவது அமைச்சகம் அந்தத் தடையை நீக்கவேண்டும். அதுவரை காத்திராமல், சென்னைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் சேர்ந்து, எழும்பூரில் இருக்கும் கொச்சி ஏடுகளையே பாடமாக வைத்து, பழைய டச்சு வகுப்பு ஒன்றைத் தொடங்கவேண்டும்.