கதிரியக்க மூலம் தேடும் ரோபோக்கள்

மனிதர் நெருங்க முடியாத இடங்களில் கதிர்வீச்சு எங்கிருந்து எழுகிறது என்று கண்டறிய அனுப்பப்படும் ஊர்திகள். சக்கரத்திலோ பட்டைச் சங்கிலியிலோ ஓடும், சில பறக்கும். அணு உலை விபத்துகளே இத்துறையை வளர்த்தன.

அமெரிக்காவின் திரீ மைல் தீவில் 1979 மார்ச் மாதம் உலைக்கரு உருகியபின், இரண்டாம் அலகின் அடித்தளத்தில் கதிரியக்க நீர் தேங்கியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் விட்டேக்கரின் குழு ஓர் ஆறு சக்கர ஊர்தியை உருவாக்கியது. 1984-இல் கேமராவும் கதிரளவியும் பொருத்தி அதை அந்த அடித்தளத்துக்குள் இறக்கினார்கள்.

செர்னோபில்லில் 1986-இல் நிலைமை மிகக் கொடியது. வெடித்த உலையின் கிராஃபைட் துண்டுகள் மூன்றாம் அலகின் கூரைமீது சிதறிக் கிடந்தன. நிலவில் ஓடிய லூனகோட் ஊர்தியின் அடிச்சட்டத்தை வடிவமைத்த லெனின்கிராட் நிறுவனமே எஸ்டிஆர்-1 என்ற ரோபோவைச் செய்து கொடுத்தது. அது கொஞ்சம் வேலை செய்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஜோக்கர் என்ற ரோபோ விரைவிலேயே செயலிழந்தது. மீதி வேலையைச் செய்தவர்கள், ஆளுக்கு ஓரிரு நிமிடம் மட்டுமே கூரையில் நிற்க அனுமதிக்கப்பட்ட 3,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள். அவர்களுக்கு ‘உயிரி ரோபோக்கள்’ என்றே பெயர் வைத்தார்கள். இந்த வரலாற்றை எழுதுவோர் எவரும் அவர்களை விட்டுவிடக் கூடாது.

ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தில் கதிர்வீச்சைவிடக் கட்டடமே பெரிய தடையானது. 2011 ஏப்ரல் 17 அன்று, வெடிகுண்டு அகற்றப் பயன்பட்ட பேக்பாட் ரோபோக்கள் உள்ளே சென்று, மூன்றாம் அலகில் மணிக்கு 57 மில்லிசீவர்ட் வரை பதிவு செய்தன. அடுத்து வந்த ஜப்பானிய ரோபோ குயின்ஸ் மாடிப்படி ஏறக்கூடியது. தடித்த சுவர்கள் வானொலி அலையைத் தடுத்ததால் அது கம்பிவடத்தை இழுத்துக்கொண்டே போனது. அக்டோபரில் இரண்டாம் அலகின் மூன்றாம் தளத்தில் வடம் அறுந்ததால் அது அங்கேயே நின்றுவிட்டது.

மூலத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு அடிப்படை ஓர் எளிய விதி: புள்ளி மூலத்திலிருந்து தொலைவு இரு மடங்கானால் கதிர்ச் செறிவு நான்கில் ஒன்றாகும். பல இடங்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு, மூலம் எங்கே இருக்கலாம் என்ற நிகழ்தகவு வரைபடத்தைக் கணினி திருத்திக்கொண்டே வரும். காங்கிரீட்டும் இரும்பும் கதிரை விழுங்கினாலும், ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்கள் இருந்தாலும் இக்கணக்கு தடுமாறும். அதனால்தான் காமா கதிர் வரும் திசையைக் காட்டும் காம்ப்டன் கேமராவையும் ரோபோவின் மேல் ஏற்றுகிறார்கள்.

2019-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் செர்னோபில்லின் ‘செங்காடு’ எனப்படும் காட்டுப் பகுதியை ட்ரோன்களால் அளந்தனர். அடுத்த ஆண்டு ஸ்பாட் என்ற நாற்கால் ரோபோவையும் செர்னோபில்லுக்குக் கொண்டுசென்று கதிரளவு எடுத்தனர்.