தரங்கம்பாடி மிசன் பள்ளிகள்

தரங்கம்பாடி மிசன் பள்ளிகள் என்பவை ஜெர்மானிய லூத்தரன் மறைபணியாளர்கள் 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் நிறுவிய பள்ளிகள் ஆகும். ஜெர்மானியர் தொடங்கியவை எனினும், இவற்றில் தமிழும் போர்த்துக்கீசமுமே முதன்மைப் பயிற்றுமொழிகளாக விளங்கின.

தொடக்கம்

தரங்கம்பாடி அப்போது டேனியர் வசம் இருந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்க், ஐன்றிக் புளுட்சோ ஆகிய இருவரும் 1706 சூலை 9 அன்று இங்கு வந்தனர். 1707இல் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பெண்களுக்கென அவ்வாண்டு நிறுவப்பட்ட பள்ளி, இந்தியாவின் மிகத் தொன்மையான பெண்கள் பள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பயிற்றுமொழி

வெளிநாடு வாழ் ஜெர்மானியர் தம் பிள்ளைகளுக்காகப் பிற்காலத்தில் நிறுவிய பள்ளிகளில் ஜெர்மன் மொழியே பயிற்றுமொழியாயிற்று. 1868இல் இசுதான்புல்லில் தொடங்கப்பட்ட பள்ளி இதற்கு எடுத்துக்காட்டு. தரங்கம்பாடியிலோ மாணவர்கள் உள்ளூர்க் குழந்தைகள். எனவே ஆசிரியர்களே மாணவரின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. சீகன்பால்க் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்தில் பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். போர்த்துக்கீசம் அக்காலக் கடற்கரை வணிக நகரங்களில் பொதுமொழியாக வழங்கியது.

நூல்களும் ஆசிரியர்களும்

தொடக்கத்தில் நூல்கள் பனையோலையில் படியெடுக்கப்பட்டன. ஜெர்மனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தபின் தமிழ் நூல்கள் இங்கேயே அச்சாயின. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்க 1715இல் பொறையாறில் காகித ஆலை அமைக்கப்பட்டது. உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்க 1716இல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சீகன்பால்க் 1719இல் காலமான பின்னரும் பள்ளிப்பணி தொடர்ந்தது.