பல்பரிமாண அணியும் வர்க்கம் என்னும் பரிமாணமும்

புள்ளிவிபரங்கள் நடுநிலையானவை என்னும் கருத்து எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. எண்களைத் திரட்டுவோரின் வர்க்கச் சார்பு பற்றி ஓரளவு பேசப்பட்டுள்ளதாயினும், திரட்டிய எண்கள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன, எவ்வாறு கூட்டப்படுகின்றன என்பன வெறும் தொழில்நுட்ப விடயங்களாகவே ஒதுக்கப்பட்டுள்ளன. 'ஆர்' என்னும் புள்ளியியல் நிரலாக்க மொழியுடன் சேர்த்து வழங்கப்படும் 'ரைற்றானிக்' அணியை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடையது.

'ஆர்' மொழியின் தோற்றமும் சமூக வரலாற்றுக்கு உரியதே. அதன் மூதாதையாகிய 'எஸ்', 1976இல் அமெரிக்கத் தொலைபேசி ஏகபோகத்தின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸ் முதலானோரால் தொடங்கப்பட்டது. 1990களில் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் ஆகியோர் அதனைத் தழுவி 'ஆர்' மொழியை ஆக்கினர். 1995இல் அது எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய பொதுவுரிமத்தின் கீழ் வெளியாயிற்று. ஏகபோகத்தின் கூடத்திற் பிறந்த கருவியின் வாரிசு பொதுச்சொத்தான கதை தனியே எழுதப்படவேண்டியது.

அணியின் அமைப்பை நோக்குவோம். இம்மொழியில் பல்பரிமாண அணி என்பது உண்மையில் ஒரே வரிசையில் நிற்கும் எண்களேயாகும். 'டிம்' என்னும் பண்பை ஏற்றியதும் அவ்வரிசை அணியாகிறது. 'அறே' என்னும் சார்புக்கு 32 எண்களையும் 4, 2, 2, 2 என்னும் அளவுகளையும் கொடுத்தால் நாற்பரிமாண அணி உருவாகும். முதற் சுட்டியே விரைந்து மாறும். ஆதலின் முதல் நான்கு எண்களும் முதற் பரிமாணத்தின் நான்கு பிரிவுகளுக்கும் உரியன. ரைற்றானிக் அணியில் அப்பரிமாணம் வகுப்பு: பயணிகளின் மூன்று வகுப்புகளும், நான்காவதாகக் கப்பற் பணியாளரும். ஏனையவை பால், வயது, பிழைத்தமை என்பன. 'அப்ளை' என்னும் சார்பிடம் எப்பரிமாணங்களை வைத்துக்கொள்வதெனக் குறிப்பிட்டுக் கூட்டச் சொன்னால், மற்றவை கூட்டுத்தொகையினுள் மறைந்துவிடும். எவற்றை வைத்துக்கொள்வது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை.

1912இல் மூழ்கிய அக்கப்பலில் இருந்தோர், இவ்வணியின்படி, 2201 பேர், பிழைத்தோர் 711. பாலை மட்டும் வைத்துக்கொண்டால் பெண்கள் 470 பேரில் 344 பேரும், ஆண்கள் 1731 பேரில் 367 பேரும் பிழைத்தனர். 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற கனவான்களின் அறம் நிரூபணமாகிவிட்டது போலத் தோன்றும். வகுப்பையும் வைத்துக்கொண்டால் காட்சி மாறுகிறது. வளர்ந்த பெண்களில் முதலாம் வகுப்பினர் 144 பேருள் 140 பேர் பிழைக்க, மூன்றாம் வகுப்பினர் 165 பேருள் 76 பேரே பிழைத்தனர். குழந்தைகளின் நிலை இன்னும் கொடியது. இறந்தோராகக் காட்டப்படும் 52 குழந்தைகளும் மூன்றாம் வகுப்பினர். அவ்வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு 34 பேர் பிழைத்தனர். முதலாம் வகுப்பின் வளர்ந்த ஆண்களில் நூற்றுக்கு 33 பேர். ஏழையின் குழந்தைக்கும் செல்வந்த ஆணுக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பு!

எனினும், அனைத்தையும் வகுப்பே தீர்மானித்தது என்று கூறிவிட முடியாது. இரண்டாம் வகுப்பின் வளர்ந்த ஆண்கள் 168 பேரில் 14 பேரே பிழைத்தனர். இவ்விகிதம் மூன்றாம் வகுப்பு ஆண்களின் விகிதத்தில் ஏறக்குறையப் பாதியாகும். யாந்திரிகமான வர்க்க விளக்கம் இவ்விடத்திற் போதாது.

அணியில் எட்டுச் சிற்றறைகள் பூச்சியமாயுள்ளன. பணியாளருட் குழந்தைகள் இல்லாமையால் நான்கு. முதலிரு வகுப்புகளிலும் குழந்தைகள் இறக்கவில்லை என்பதால் நான்கு. இரண்டும் ஒரே குறியாலேயே எழுதப்படுகின்றன. பிந்திய நான்கில் ஒன்று பிழையுமாகும். முதலாம் வகுப்பைச் சேர்ந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தமையைப் பயணிகள் பட்டியலை ஆராய்ந்தோர் நிறுவியுள்ளனர். மேர்ஸி பிரபுவின் விசாரணை அறிக்கையில் இருந்த தவறு அப்படியே அணியிற் குடியேறியுள்ளது.

அவ்வறிக்கை பிரித்துக் காட்டிய ஒன்றை அணி இழந்துமுள்ளது. பணியாளர் 885 பேர் இங்கு ஒரே பிரிவாகியுள்ளனர். அறிக்கையிலோ மேற்றளப் பணியாளர் 66 பேருள் 43 பேரும், இயந்திரப் பகுதியினர் 325 பேருள் 72 பேரும், உணவு மற்றும் பணிவிடைப் பகுதியினர் 494 பேருள் 97 பேரும் பிழைத்தமை தனித்தனியே காட்டப்பட்டுள்ளது. படகுகளைச் செலுத்த மேற்றளத்தினர் அனுப்பப்பட்டனர். கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளிப்போட்டோர் இயந்திரப் பகுதியினர். 212 என்னும் கூட்டுத்தொகையை மட்டும் கொண்டுள்ள அணியிலிருந்து இம்மூன்று எண்களையும் எச்சார்பினாலும் மீட்க இயலாது; அறிக்கைக்கே திரும்பிச் செல்லவேண்டும்.