இந்திய மகளிர் டென்னிஸ் அணி (பில்லி ஜீன் கிங் கோப்பை)

பெண்கள் டென்னிஸில் நாட்டுக்கு நாடு மோதும் உலகப் போட்டியான பில்லி ஜீன் கிங் கோப்பையில் இந்தியாவின் சார்பில் ஆடும் அணி. 1991 முதல் இப்போட்டியில் பங்கேற்கிறது. வீராங்கனைகளையும் கேப்டனையும் அகில இந்திய டென்னிஸ் சங்கம் தேர்ந்தெடுக்கிறது. இங்கே கேப்டன் என்பவர் பெரும்பாலும் ஆடாத கேப்டன். கோர்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரை எந்த ஆட்டத்தில் இறக்குவது என்று முடிவெடுப்பவர். அணியின் வரலாற்றில் பெரும்பகுதி ஆசியா-ஓசியானியா மண்டலத்துக்குள்ளேயே கழிந்தது. அதைத் தாண்டி உலக அளவிலான பிளே-ஆஃப் சுற்றை எட்டியது இரண்டு முறை: 2020-21 போட்டியிலும் 2025-லும்.

போட்டி

ஆண்களுக்கான டேவிஸ் கோப்பை 1900-இல் பிறந்தது. அதைப் போலப் பெண்களுக்கும் ஒன்று வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் ஹாட்ச்கிஸ் வைட்மன் 1919-லேயே கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது காகிதத்தில்தான் இருந்தது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடிய 1963-இல் லண்டன் குவீன்ஸ் கிளப்பில் 16 நாடுகளுடன் ஃபெடரேஷன் கோப்பை தொடங்கியது. இறுதியில் ஆஸ்திரேலியாவை அமெரிக்கா வென்றது. வென்ற அணியில் இருந்த பில்லி ஜீனின் பெயரே 2020-இல் கோப்பைக்கும் வைக்கப்பட்டது. இடையில் 1995 முதல் ஃபெட் கோப்பை என்று சுருக்கி அழைத்தார்கள். தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் படித்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

தொடக்கத்தில் எல்லா நாடுகளும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் ஆடின. நாடுகளின் எண்ணிக்கை பெருகியதும் 1990-களில் மண்டலப் போட்டிகள் வந்தன. ஆசியா-ஓசியானியா மண்டலத்தில் குரூப்-1, குரூப்-2 என்று படிகள் உண்டு. குரூப்-1-இல் மேலே வருபவர்கள் பிளே-ஆஃபுக்குப் போவார்கள். கடைசியில் நிற்பவர்கள் ஒரு படி கீழே இறங்குவார்கள். மண்டலத்தில் ஒரு நாட்டோடு மோதினால் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர் என மூன்று ஆட்டங்கள். ஒற்றையரில் ஆளுக்கு ஒன்று வென்று 1-1 என்று நின்றால், இரட்டையர் ஆட்டம்தான் தீர்ப்பு. இந்திய அணியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விதி போதும். ஒற்றையரில் ஒரு நல்ல கையும் இரட்டையரில் ஒரு நல்ல ஜோடியும் இருந்தால் ஆசியாவில் பிழைத்துவிடலாம். அதற்கு மேல் ஏற இரண்டாவது ஒற்றையர் ஆட்டக்காரர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளைத் தேடியதுதான் அணியின் கதை என்றே சொல்லலாம்.

1991-க்கு முன்

அணி தாமதமாகத்தான் வந்தது, ஆட்டம் அப்படியல்ல. 1929-இல் ஜென்னி சாண்டிசன் விம்பிள்டனில் ஆடினார். 1934-இல் லீலா ராவ் அங்கே ஓர் ஆட்டத்தை வென்று, விம்பிள்டனில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருதக் கவிஞர், அவரும் மட்டை பிடித்தவர். 1952-இல் ரீட்டா தாவர் விம்பிள்டன் சிறுமியர் பிரிவின் இறுதி வரை சென்றார். 1971-இல் நிருபமா மன்கட், சென்னையின் ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆடினார். பின்னாளில் காவல்துறை அதிகாரியாகப் பெயர் பெற்ற கிரண் பேடியும் இந்தக் காலத்து முன்னணி வீராங்கனைதான்.

இவர்களில் யாருக்கும் நாட்டின் பெயரில் ஃபெடரேஷன் கோப்பை ஆடும் வாய்ப்பு அமையவில்லை. அதே காலத்தில் ஆண்கள் அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு 1966, 1974, 1987 என மூன்று முறை போனது. ராமநாதன் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள், ரமேஷ் கிருஷ்ணன் என்று அந்த மூன்று அணிகளுக்கும் முதுகெலும்பு சென்னையிலிருந்து போயிற்று. 1921-லேயே டேவிஸ் கோப்பை ஆடத் தொடங்கிய நாடு, பெண்கள் அணியை அனுப்ப எழுபது ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்தப் போட்டி தொடங்கிய 1963-இலிருந்து கணக்கிட்டாலும் இருபத்தெட்டு ஆண்டு. ஆளில்லாததால் அனுப்பவில்லை என்று சொல்ல மேலே உள்ள பெயர்கள் இடம் தரவில்லை.

கோவையிலிருந்து ஒருவர்

1990-களின் பெயர் நிருபமா வைத்தியநாதன். 1976-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தை தமிழ்நாட்டுக்காக ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர். மகளுக்கு முதல் பயிற்சியாளரும் அவரே. பதின்ம வயதிலேயே தேசிய பட்டத்தை வென்று, அந்தப் பத்தாண்டு முழுக்க அணியின் முதல் ஆட்டக்காரராக நின்றார். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிட்ஸிகினியை வென்றது அவருடைய பெரிய நாள்: நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலமும் வாங்கினார். சென்னையின் சாய் ஜெயலட்சுமி ஜெயராம், மனிஷா மல்ஹோத்ரா, ராதிகா துல்புலே, ருஷ்மி சக்கரவர்த்தி ஆகியோர் இந்தக் காலத்திலும் அதை ஒட்டியும் முன்னணியில் இருந்தவர்கள்.

இவர்கள் ஆடிய சூழலையும் சொல்ல வேண்டும். தரவரிசைப் புள்ளி சேர்க்க வெளிநாடு போய் மாதக்கணக்கில் சுற்ற வேண்டும். டிக்கெட், அறை வாடகை, கோச் சம்பளம் எல்லாம் கைக்காசு. தமிழ்நாட்டில் டென்னிஸ் கோர்ட் என்றால் வெகுகாலம் மாவட்டத் தலைநகரத்து ஆபீசர்ஸ் கிளப், இல்லாவிட்டால் சென்னை, கோவையின் பெரிய கிளப்புகள். ஆரணி மாதிரிப் பட்டுத்தறி ஊரில் பிறந்த பெண்பிள்ளைக்கு மட்டை வாங்கிக்கொடுப்பதை விட, தினமும் வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பிவைப்பதுதான் பெரிய செலவு. சிறு ஊரிலிருந்து அணிக்கு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. பின்னாளில் சோலாப்பூர் மாவட்டத்து பார்ஷியிலிருந்து வந்தவர் பிரார்த்தனா தொம்பரே. ஆனால் அவரும் ஐதராபாத் போய், சானியா மிர்சாவின் அகாடமியில் தங்கிப் பயின்ற பிறகே மேலே வந்தார்.

சானியா காலம்

2003-இல் சானியா மிர்சா அணிக்கு வந்தார். முதல் ஆண்டிலேயே தான் ஆடிய மூன்று ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். 2005-இல் சொந்த ஊரான ஐதராபாத்தில் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் (டபிள்யூடிஏ) பட்டம் வென்றார். ஓர் இந்தியப் பெண் வென்ற முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் அது. 2007-இல் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடம். அதற்கு அருகில்கூட வேறு எந்த இந்தியப் பெண்ணும் போகவில்லை.

அணியாக இந்தியா பெற்ற பெரிய பரிசு இந்தக் கோப்பைக்கு வெளியே கிடைத்தது. 2006 தோகா ஆசிய விளையாட்டில் சானியா, ஷிகா உபராய், அங்கிதா பாம்ப்ரி, இஷா லக்கானி கொண்ட அணி, இறுதியில் சீனத் தைபேயிடம் தோற்று வெள்ளி வென்றது. ஃபெட் கோப்பையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. முழங்கால், மணிக்கட்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு சானியா ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையருக்கு முழுதாக மாறினார். அவருக்கு அது லாபம்: ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், உலக முதலிடம். அணிக்கு அது பாதி லாபம், பாதி நட்டம். மூன்றாவது ஆட்டம் நிச்சயம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு ஒற்றையரில் ஒன்றையாவது யாராவது வென்றுகொடுக்க வேண்டும். அப்படி வென்றுகொடுக்க ஆள் அமையாமல் அணி குரூப்-2-க்கு இறங்கியது.

உலக முதலிடத்தில் உள்ளவர் ஆசியாவின் இரண்டாம் படியில் ஆடும் காட்சியை 2015 ஏப்ரலில் ஐதராபாத் பார்த்தது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் மார்டினா ஹிங்கிஸுடன் பட்டம் வென்ற சானியா, ஏப்ரல் 13-இல் இரட்டையர் தரவரிசையின் உச்சிக்கு ஏறினார். அந்த வாரமே ஊர் திரும்பி, குரூப்-2 போட்டியில் ஆடும் கேப்டனாக இறங்கினார். மேல் படிக்கான தீர்மான மோதலில் பிலிப்பைன்ஸை வென்று இந்தியா குரூப்-1-க்கு ஏறியது. அதன் பிறகு அணி அந்தப் படியிலிருந்து இறங்கவில்லை.

தங்கியதற்குப் பெரிய காரணம் அங்கிதா ரெய்னா. ஆமதாபாத்தில் பிறந்த காஷ்மீரக் குடும்பத்துப் பெண். சானியாவைப் போலப் பளிச்சென்ற ஃபோர்ஹேண்ட் கிடையாது; ஓடி ஓடிப் பந்தைத் திருப்பி அனுப்பி எதிராளியைச் சலிக்கவைக்கும் ஆட்டம். 2018 பிப்ரவரியில் டெல்லி ஆர்.கே. கன்னா அரங்கில் நடந்த குரூப்-1 போட்டியில், தன்னைவிடத் தரவரிசையில் வெகு மேலே இருந்த கஜகஸ்தானின் யூலியா புதின்ட்சேவாவையும் சீனாவின் ஷூ லின்னையும் வென்றார். அந்த வாரம் ஒற்றையரில் அவர் தோற்கவே இல்லை. அப்படியும் அணி மேலே போகவில்லை. கர்மான் கவுர் தாண்டியும் மற்றவர்களும் இரண்டாவது ஒற்றையர் ஆட்டத்தில் எதிர்கொண்டது, தங்களைவிடத் தரவரிசையில் மேலே இருந்தவர்களை.

துபாய், யூர்மலா

2020-இல் குரூப்-1 போட்டி சீனாவின் டோங்குவானில் நடக்க வேண்டியது. கொரோனா பரவியதால் கஜகஸ்தானுக்கு மாறி, அங்கும் முடியாமல் துபாய்க்கு வந்தது. மார்ச் மாதம் முதல் வாரம். இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் நடந்தே இருக்காது. ஆறு அணிகள், ஐந்து நாள், தினமும் ஓர் அணியோடு மோதல். முதல் இரண்டு இடங்களுக்கு பிளே-ஆஃப்.

தாய்மைக்குப் பிறகு அந்த ஜனவரியில்தான் ஆட்டத்துக்குத் திரும்பியிருந்த சானியா, நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் அணிக்கும் திரும்பினார். அங்கிதா ரெய்னா, ருதுஜா போசலே, ரியா பாட்டியா, சௌஜன்யா பவிசெட்டி உடன் ஆடினார்கள். கேப்டன் விஷால் உப்பல். முதல் நாள் சீனாவிடம் தோல்வி. அடுத்து உஸ்பெகிஸ்தான், கொரியா, சீனத் தைபே மூன்றையும் வென்றார்கள். கடைசி நாள் இந்தோனேசியாவோடு ஒற்றையர் 1-1 என்று நின்றது. சானியாவும் அங்கிதாவும் இரட்டையரில் முதல் செட்டை டைபிரேக்கர் வரை இழுத்து வென்றார்கள். இரண்டாவது செட்டில் எதிரணிக்கு ஒரு கேம்கூடக் கொடுக்கவில்லை. சீனாவுக்கு அடுத்த இரண்டாம் இடம் பிடித்து, இந்தியா முதல் முறையாக பிளே-ஆஃபுக்குப் போனது. அந்த ஆண்டு ஃபெட் கோப்பை ஹார்ட் விருதும் சானியாவுக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவர் பெறுவது அதுவே முதல் முறை. 2,000 டாலர் பரிசுத் தொகையை தெலங்கானா முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்.

பெருந்தொற்றால் பிளே-ஆஃப் ஓராண்டு தள்ளிப்போய், 2021 ஏப்ரலில் லாட்வியாவின் யூர்மலாவில் நடந்தது. இங்கே விதி வேறு: நான்கு ஒற்றையர், ஓர் இரட்டையர். எந்த வலிமையால் ஆசியாவில் ஏறினார்களோ, அது ஐந்தாவது ஆட்டமாகக் கடைசிக்குப் போய்விட்டது. 2017 பிரெஞ்சு ஓபன் சாம்பியன் யெலேனா ஓஸ்டபென்கோவை அங்கிதா மூன்று செட் வரை இழுத்துப் பிடித்தார். ஆனாலும் அந்த ஆட்டம் கைநழுவியது. அனஸ்டாசியா செவஸ்டோவாவிடம் கர்மான், அங்கிதா இருவரும் தோற்றார்கள். இரட்டையர் வருவதற்குள் மோதல் முடிந்திருந்தது. முடிவு தெரிந்த பிறகு கிடைத்த ஒரே வெற்றியோடு கடைசிக் கணக்கு 1-3.

சானியாவுக்குப் பின்

சானியா 2023 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். ஒருவரை நம்பி இருந்த அணி அதன் பிறகு சரியும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. 2025 ஏப்ரலில் புனே பாலேவாடி அரங்கில் குரூப்-1 நடந்தபோது ஐதராபாத்தின் ஸ்ரீவல்லி பாமிடிபட்டி தான் இறங்கிய ஐந்து ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். உயரமானவர், சர்வீஸில் பலம் அதிகம், முதல் பந்திலிருந்தே அடித்து ஆடுபவர். அங்கிதாவின் பொறுமைக்கு நேர் எதிரான குணம். முதல் நாள் முன்னணி வீராங்கனை லுலு சன் இருந்த நியூசிலாந்திடம் 1-2 என்று தோற்ற இந்தியா, பிறகு தாய்லாந்து, ஹாங்காங், சீனத் தைபே, கொரியா நான்கையும் வென்று இரண்டாம் இடம் பெற்றது. சஹஜா யமலப்பள்ளி, வைதேகி சவுத்ரி ஆகியோருடன் அங்கிதாவும் பிரார்த்தனாவும் அந்த அணியில் இருந்தார்கள். கோவையைச் சேர்ந்த பதினைந்து வயது மாயா ராஜேஸ்வரன் ரேவதி ரிசர்வ் ஆட்டக்காரராக உடன் இருந்தார். அந்த பிப்ரவரியில் மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியின் அரையிறுதி வரை போய்த் திரும்பிப் பார்க்கவைத்தவர் அவர்.

பிளே-ஆஃப் 2025 நவம்பரில் பெங்களூரு எஸ்.எம். கிருஷ்ணா டென்னிஸ் அரங்கில் நடந்தது. பிளே-ஆஃபை இந்தியா சொந்த மண்ணில் ஆடியது இதுதான் முதல் தடவை. எதிரணிகள் ஸ்லோவேனியா, நெதர்லாந்து. யூர்மலாவைப் போல ஐந்து அல்ல, இந்தத் தடவை பிளே-ஆஃபிலும் மூன்றே ஆட்டங்கள்; அது இந்தியாவுக்குச் சாதகம் என்று பேசினார்கள். ஆனால் தரவரிசையில் முன்னூறை ஒட்டி நிற்பவர்கள் நூறை ஒட்டி நிற்பவர்களோடு மோதும்போது, மூன்றாவது ஆட்டத்தின் பலம் முதல் இரண்டை ஈடுகட்டாது. இரண்டு அணிகளிடமும் தோற்று, இந்தியா மீண்டும் ஆசியா-ஓசியானியா குரூப்-1-க்கு வந்தது.