ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டுகள்

பிள்ளைப்பேறு குறைந்தால் கருக்கலைப்பும் குறையும் என்று தோன்றும். தமிழ்நாட்டின் வரலாறு அதற்குள் அடங்கவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் பெற்ற காலத்தில் இன்னொரு கரு தங்கினால், தலையெழுத்து என்று பலர் சுமந்தார்கள். இரண்டு போதும் என்று முடிவெடுத்த வீட்டிலோ மூன்றாவது கரு மட்டுமல்ல, மூத்தது பால் மறக்குமுன் தங்கும் இரண்டாவதும் சிக்கல்தான். வேண்டாத கரு சிறு குடும்ப ஆசையோடு சேர்ந்தே பெருகியது. அரசு அதற்குத் தந்த விடையோ பெரும்பாலும் ஒன்றே. 1950களின் நடுவிலேயே ஏழைகளுக்குப் பணம் கொடுத்துக் கருத்தடை அறுவையைப் பரப்பிய மாநிலம் இது. நெருக்கடி நிலைக்குப் பின் அந்தச் சுமை முழுக்கப் பெண்கள்மேல் விழுந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இங்கு மணமான பெண்களில் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கடைசிப் பிள்ளைக்குப் பின் ஆபரேஷன் காக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி எல்லாம் சொற்பப் பேரையே எட்டின. அந்த இடைவெளியைத்தான் கருக்கலைப்பு நிரப்பியது.

கருக்கலைப்பை அனுமதித்த 1971ஆம் ஆண்டுச் சட்டமே இந்த வழக்கத்தை வளர்த்தது என்பவர்கள் உண்டு. ஆனால் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியிருந்தபோதும், கருவைக் கலைக்க மருத்துவச்சிகள் கையாண்ட எருக்கங்குச்சி ஓயவில்லை. மறைவில் கலைத்துப் பெண்கள் செத்ததால்தான் 1964இல் கருக்கலைப்புச் சட்டத்தை ஆராயும் சாந்திலால் ஷா குழுவே அமைந்தது. 1971 சட்டம் செய்தது இடமாற்றம்: மருத்துவச்சியின் கையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு. கருத்தடை தவறியதைக் காரணமாகக் காட்டும் உரிமையை அது மணமானவர்களுக்கு மட்டுமே தந்தது. 2021 திருத்தத்தில்தான் அந்த வரம்பு நீங்கியது. பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தும் தம்பதியரையே சட்டம் இயற்றியவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு மறுப்பு வலுவானது: பெண் கருவை அழிப்பதே இதன் பெரும்பகுதி அல்லவா? சேலம், தருமபுரிப் பக்கத்துப் பழியை யாரும் மறைக்க முடியாது. ஆனால் 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற கருக்கலைப்பு மாத்திரை கணக்கை மாற்றிவிட்டது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த ஆய்வைக் கொண்டு, 2015இல் நாடெங்கும் 1.56 கோடிக் கருக்கலைப்புகள் என்றும், அவற்றில் ஐந்தில் நான்கு மாத்திரையால் என்றும் மதிப்பிட்டார்கள். இந்த மாத்திரை முதல் சில வாரங்களுக்கானது. ஸ்கேனில் பாலினம் தெரிவது அதற்கும் பிறகு. பாலினத் தேர்வைத் தடுப்பதாகச் சொல்லி மருந்துக் கடையில் காட்டும் கெடுபிடி, ஸ்கேன் மையத்தை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு நிற்கும் தாயைத்தான் பிடிக்கிறது.